எந்த ஊருக்குத் திரும்புவாள்?

"சொந்த ஊருக்கே திரும்பி வந்துட்டார்" என்று ஓர் ஆணைப் பற்றிச் சொன்னால் அதில் ஒரு பெருமை ஒலிக்கும். வெளியூரில் சம்பாதித்த பணத்தோடு வந்து, ஊருணியைத் தூர்வாரி, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டி, பாழடைந்த வீட்டைப் புதுப்பித்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவரை வாழ்த்த நம்மிடம் சொற்கள் ஏராளம். ஊர் மறவாதவர், மண்ணின் மைந்தர், உபகாரி. பிறந்த ஊருக்குத் திரும்பிவந்த பெண்ணுக்கும் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: வாழாவெட்டி. பெட்டியோடு பேருந்திலிருந்து இறங்குகிறவளிடம் தெருமுனையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தனை நாளைக்கு வந்திருக்கே?" என்பது. நாள் குறிக்காமல் வருவது ஆணுக்கு மட்டுமே உரிய செயல்.

திருமணமான பெண்ணிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஒரு நொடி தயங்குவதைக் கவனித்திருப்பீர்கள். பள்ளிச் சான்றிதழில் ஓர் ஊர், குடும்ப அட்டையில் ஓர் ஊர், குலதெய்வத்துக்கு இன்னோர் ஊர். நசிந்துபோன ஊரை மீட்கப் பிள்ளைகள் திரும்ப வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்குள் மகள்கள் இருக்கிறார்களா என்று கேட்டுப்பார்க்கச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக 'மீண்டெழும் செட்டிநாடு' என்று வண்ணப்படங்களோடு கட்டுரைகள் வந்தபடி இருக்கின்றன. அந்தப் பகுதியில் பிறந்தவள் நான். ஆனால் அந்தப் படங்களில் வரும் வீடுகளில் பிறந்தவள் இல்லை. அவற்றுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தது பின்வாசல் வழியாக, என் அப்பத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

மீட்பது என்றால் முன்பு ஒன்று இருந்திருக்க வேண்டும். செட்டிநாட்டில் என்ன இருந்தது? இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது இந்த நிலம். 96 ஊர்கள் என்பது பழங்கணக்கு. இன்று எண்ணினால் எழுபத்துச் சொச்சம்தான் தேறும். ஆறு பாயாத பூமி. மழைநீரைத் தேக்கும் ஊருணியும் கண்மாயும் இல்லாவிட்டால் குடிக்கவும் வழியில்லை. காரைச் செடியும் பனையும் கருவேலமுமாகக் கிடந்த செம்மண்ணில், நூறு தூண் வைத்த வீடுகள் வரிசை வரிசையாக எழுந்ததற்கு அந்த மண்ணின் விளைச்சல் காரணமே இல்லை. பணம் முழுக்க வெளியிலிருந்து வந்தது. இலங்கை, மலாயா, சைகோன், எல்லாவற்றுக்கும் மேலாகப் பர்மா. ஆகவே செட்டிநாட்டுப் 'பொருளாதாரத்தை' மீட்பது என்ற பேச்சே கொஞ்சம் விநோதமானது. அந்த ஊர்களில் பொருளாதாரம் என்று இருந்தது செலவு மட்டும்தான். வரவு கடலுக்கு அப்பால் இருந்தது.

செலவு நடந்த இடத்தில் இருந்தவர்கள் பெண்கள்.

பொருள் தேடக் கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் சொல்கிறது. அந்த நூற்பாவில் வரும் 'முந்நீர்' கடலைக் குறிக்குமா, வேறொன்றையா என்பதில் உரையாசிரியர்களுக்குள் வேறுபாடு உண்டு. நகரத்தார் ஆண்களுக்கு அந்தச் சந்தேகமே இருக்கவில்லை. வட்டிக்கடைக்குப் போகிற ஏஜெண்டு மூன்று ஆண்டுத் தவணையில் போவார். கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் வருவார். சில மாதங்கள் இருந்துவிட்டு அடுத்த தவணைக்குக் கப்பலேறுவார். மனைவி ஊரிலேயே இருப்பாள். பொருள்வயின் பிரிவு என்று நாங்கள் வகுப்பில் பாலைத்திணையாக நடத்துவது இங்கே ஒரு வணிக அமைப்பின் நிரந்தர விதி. சங்கப் பாடல்களின் தலைவி ஆற்றியிருந்தாள் என்பதோடு உரைகள் நிறுத்திக்கொள்ளும். அந்த மூன்று ஆண்டுகளில் அவள் என்ன வேலை செய்தாள் என்று யாரும் கேட்பதில்லை.

செட்டிநாட்டுப் பெண் செய்த வேலைக்கு வீடே சாட்சி. முகப்பு ஆண்களுக்கும் வணிகத்துக்கும். அடுத்தது வளவு, நடுவே வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் அறைகள். பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி, கிணற்றடி. மகனுக்குத் திருமணம் ஆனதும் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம். பெயரைக் கேட்டால் குடும்பம் உடைந்ததுபோல இருக்கும். நடப்பது வேறு. ஒரே கூரைக்குள் இருந்தபடியே புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனி உக்கிராணம், ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த படி. மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தாலும் மருமகளின் வரவுசெலவு அவளுடையது. அரிசி, புளி, எண்ணெய், வேலையாட்களின் கூலி, கோயில் முறை, சீர் செலவு எல்லாவற்றையும் பதினேழு பதினெட்டு வயதுப் பெண் கணக்கு வைத்து நடத்தினாள். கூட்டுக் குடும்பத்துக்குள் இப்படியொரு நுட்பமான நிதி ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. ரங்கூன் கடைப் பேரேடுகளைப் பற்றி ஆராய்ச்சி நூல்கள் வந்திருக்கின்றன. அடுப்படிக் கணக்கு நோட்டுகள் பழைய பேப்பர் எடைக்குப் போயின.

பெண்ணின் பணமும் கடலைக் கடந்து போனது. அவள் கொண்டுவந்த சீதனத் தொகை வட்டிக்கடைகளில் வைப்பாகப் போடப்பட்டு வட்டி கண்டது. கடைகளின் முதலில் பெண்கள் பெயரில் இருந்த பணத்துக்கும் ஓர் இடம் உண்டு. பணம் போனது, அவள் போகவில்லை. கோயிலும் அப்படித்தான். நகரத்தாரில் ஒன்பது கோயில் பிரிவுகள். இளையாற்றங்குடியில் பிறந்த பெண் மாத்தூர்க்காரரை மணந்தால் அன்று முதல் அவள் மாத்தூர்க் கோயில். பிறந்த ஊர், பிறந்த கோயில் இரண்டும் தாலி ஏறிய நிமிடத்தில் அவளை விட்டுப்போகும். பரம்பரைச் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை. அதற்கு ஈடாகத்தான் அந்த மலைமலையான சீதனம் என்றார்கள்: பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், பீங்கான், எனாமல் என்று அறை நிறையப் பாத்திரம். சொத்தில் பங்குக்குப் பாத்திரம் ஈடா என்று அந்தக் காலத்து மகள்களில் யாராவது கேட்டிருப்பார்களா? கேட்டிருப்பார்கள். எழுதி வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இனி பர்மா. கீழ்பர்மாவை ஆங்கிலேயர் 1852 போருக்குப் பின் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி கழிமுகத்தின் சதுப்புக் காடுகள் நெல்வயலாக மாறின. விதைக்கும் மாட்டுக்கும் பர்மிய உழவருக்குக் கடன் வேண்டியிருந்தது. வெள்ளைக்கார வங்கிகள் கொடுக்காத அந்தக் கடனைச் செட்டியார் கடைகள் கொடுத்தன. 1930 வாக்கில் பர்மாவில் 1,600க்கு மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்ததாக அரசின் வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அதே ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை பாதிக்கும் கீழே சரிந்தது. கடனைக் கட்ட முடியாத உழவரின் நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 விழுக்காடு. அந்தப் பத்தாண்டின் முடிவில் 25 விழுக்காடு.

இந்த இரண்டு எண்களையும் நான் மாணவிகளுக்குச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். பர்மிய பௌத்த வழக்கச் சட்டத்தில் மகளுக்கும் மகனைப் போலவே வாரிசுரிமை உண்டு. மனைவி கணவனோடு சேர்ந்து நிலத்துக்கு உடைமையாளர். ஆகவே ஈட்டில் மூழ்கிய அந்த வயல்களில் பாதி பெண்களுடையவை. பெண்ணுக்கு நிலத்தில் உரிமை இருந்த ஒரு சமூகத்திடமிருந்து, பெண்ணுக்கு அந்த உரிமை இல்லாத ஒரு சமூகத்தின் பெட்டிக்கு நிலம் மாறியது. அந்த நெல்லின் வட்டிதான் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பர்மாத் தேக்காகவும் இத்தாலியச் சலவைக்கல்லாகவும் பெல்ஜியம் கண்ணாடியாகவும் நின்றது. மரபுச் சின்னம் என்று இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் தூண்களைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. தூண்களின் வரலாற்றில் இரண்டு கரைப் பெண்களும் இருக்கிறார்கள்.

வீழ்ச்சி ஒரே நாளில் வரவில்லை. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த ஆண்டு மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக மலைகளைக் கடந்தார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளும் வங்கிகளும் அரசுடைமை ஆயின. நிலப்பத்திரங்கள் மட்டும் ஊரில் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன.

பிறகு குடும்பங்களைக் காப்பாற்றியது எது? நகை முதலில் போனது. அடுத்து அந்தச் சீதனப் பாத்திரங்கள். பங்குக்கு ஈடாகுமா என்று கேட்கப்பட்ட அதே பாத்திரங்கள் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமாகவும் மகள்களின் திருமணமாகவும் மாறின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் போனால் எனாமல் தூக்குகளும் பீங்கான் ஜாடிகளும் அடுக்கடுக்காக நிற்கும். சிலவற்றில் பெயரின் முதலெழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். அவை எந்த ஆச்சியுடையவை என்று கடைக்காரருக்குத் தெரியாது, வாங்குகிறவர் கேட்பதுமில்லை. பாத்திரம் தீர்ந்த பிறகு கதவு, நிலை, தூண். தேக்கின் எடைக்காகவே சில வீடுகள் இடிக்கப்பட்டன.

இந்த வீழ்ச்சியின் நடுவே, ஊரை விட்டுப் போகாமல் ஊரை மாற்ற முயன்ற ஒருத்தியைப் பற்றி மீட்சிக் கட்டுரைகள் எதிலும் நான் வாசித்ததில்லை. மரகதவல்லி. கைம்பெண்ணாக இருந்து, சீர்திருத்தவாதியும் 'குமரன்' இதழின் ஆசிரியருமான சொ. முருகப்பாவை மறுமணம் செய்துகொண்டவர். 1936இல் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்ற மாத இதழை ஆசிரியராக இருந்து நடத்தினார். பெயரிலேயே நோக்கத்தை அறிவிக்கும் இதழ். கணவர்கள் கடல்கடந்து போகும் ஊரில், சிறுவயதுத் திருமணம் வழக்கமாக இருந்த காலத்தில், இளம் கைம்பெண்கள் மூன்றாம் கட்டின் இருட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஓர் ஊர் நசிகிறது என்றால் வட்டி வரவில்லை என்று மட்டும் பொருளில்லை. அந்த இருட்டும் நசிவுதான் என்று அவர் அச்சிட்டுச் சொன்னார். நகரத்தார் செல்வம் உச்சியிலிருந்து சரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இதைச் செய்தார். ஊர்த்திரும்பல் கதைகளுக்கு இவர் பொருந்தாததற்குக் காரணம் எளிது. இவர் கட்டடம் எதையும் கட்டவில்லை.

கட்டியவர் அழகப்பர். கோட்டையூரில் பிறந்து, லண்டனில் படித்து, பருத்தி ஆலையும் விமானக் கம்பெனியும் நடத்திய ராம. அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953இல் ஆய்வகம் திறந்தது. வரவு என்பதே வெளியிலிருந்து வந்து பழகிய ஊருக்கு, உள்ளூரிலேயே சம்பளம் தரும் ஒன்றைக் கொண்டுவந்த முதல் பெரிய முயற்சி இது என்பேன். அதன் பலனை அனுபவித்தவர்களில் என்போன்றவர்களும் உண்டு. கப்பலேறத் தேவையில்லாமல், டவுன் பஸ்ஸில் போய்ப் படிக்கும் தூரத்தில் கல்லூரி இருந்ததால்தான் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெண்கள் பட்டம் பெற்றார்கள். மகளை விடுதியில் விடமாட்டேன் என்கிற அப்பாக்கள் பஸ்ஸில் விடச் சம்மதித்தார்கள். பெரிய வீட்டுப் பெண்ணும் அவர்கள் வீட்டில் மாவரைத்தவளின் பேத்தியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த முதல் இடம் அது.

அதற்குப் பிறகு ஒரு நீண்ட மௌனம். பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். பூட்டிய வீடுகளில் வௌவால். ஆண்டுக்கொரு முறை படைப்புக்கோ ஒரு கல்யாணத்துக்கோ திறப்பார்கள்.

1990களின் இறுதியில்தான் மீட்சி என்று இப்போது சொல்லப்படுவது தொடங்கியது. அதன் முன்வரிசையில் இருந்த பெயர்களைப் பாருங்கள். காரைக்குடியில் கணவர் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக்கி, வீட்டுச் சமையலையே அதன் அடையாளமாக்கியவர் மீனாட்சி மெய்யப்பன். மறைந்துகொண்டிருந்த கொட்டான் பின்னலையும் கண்டாங்கிச் சேலையையும் தன் அறக்கட்டளை வழியே மீட்டவர் விசாலாட்சி ராமசாமி. எஸ். முத்தையாவோடு சேர்ந்து இந்த இருவரும் நகரத்தார் மரபைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலையும் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் வந்து வீடுகளை ஆவணப்படுத்தினார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. 2019இல் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டானுக்கு அதற்கு முன்பே கிடைத்திருந்தது.

இந்த மீட்சியில் விலை போகும் பொருள்களை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கொட்டான், சேலை, பலகாரம், குழம்பு, மசாலா. ஒன்றுகூட முகப்பிலிருந்து வந்ததில்லை. எல்லாம் இரண்டாம் கட்டுக்கும் அதற்குப் பின்னாலும் உள்ளவை. வட்டிக்கடை போனது, மார்க்கா போனது, ஐந்தொகைப் பேரேடு போனது. ஊருக்குச் சோறு போட இறுதியில் எஞ்சியது பெண்களின் கைவேலை. ஆச்சி என்ற விளிச்சொல்லே இன்று மசாலாப் பொட்டலத்தின்மேல் அச்சாகிறது. அடமானம் வைத்ததைத் திரும்ப எடுப்பதற்கும் நாம் மீட்பு என்றுதான் சொல்கிறோம். ஆண்கள் வைத்த அடமானத்தைப் பெண்களின் அடுப்படி மீட்டது என்று எழுதிவிட்டு இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பின்வாசல் வழியாக நுழைந்தவளுக்கு அப்படி முடிக்க மனம் வராது.

கொட்டானை முன்பு பின்னியவர்கள் ஆச்சிகள். பனங்குருத்தோலையைக் காயவைத்து, கீறி, சாயமேற்றி, பின்னி, விளிம்புக்குப் பாசிமணியும் நூல்வேலையும் வைப்பார்கள். கல்யாணச் சீருக்கும் சடங்குக்கும் அது வேண்டும். விற்பதற்கில்லை. ஆச்சிகளுக்கு அது பொழுது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வளவில் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்தது. அந்தப் பொழுது அவர்களுக்குக் கிடைத்ததற்குக் காரணம், அந்நேரம் பின்கட்டில் வேறொருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இன்று கொட்டான் பின்னுகிறவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெண்கள், அதாவது பாத்திரம் துலக்கியவளின் பேத்திகள். எண்ணிக்கைக்குக் கூலி. வயல்வேலை இல்லாத மாதங்களில் கையில் காசு வருகிறது. வீட்டிலிருந்தபடியே செய்யலாம், வங்கிக் கணக்கு தன் பெயரில் இருக்கிறது. இவை சின்ன விஷயங்கள் இல்லை. எளக்காரமாகப் பேச எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் கூடையோடு தரப்படும் விவரச் சீட்டில் ஆச்சிகளின் பாரம்பரியம் என்று இருக்கும். பின்னியவளின் பெயரைத் தேடினால் கிடைக்காது.

என் அப்பத்தா ஒரு பெரிய வீட்டில் மாவரைத்தாள், வற்றல் போட்டாள், கல்யாணம் என்றால் ஒரு வாரம் அங்கேயே கிடந்து பலகாரத்துக்கு இடித்துக் கொடுத்தாள். வீட்டுக்காரியை அவள் ஆச்சி என்பாள். அந்த ஆச்சி அவளை வாடி போடி என்பார். அவளைவிட வயதில் சிறியவர். சுட்ட பலகாரத்தை அவள் தொடலாம். படைக்கிற இடத்துக்கு வரக்கூடாது. கந்தரப்பத்துக்கு அரிசியும் உளுந்தும் பருப்பும் எந்த அளவில் சேர வேண்டும் என்பது அவள் உள்ளங்கைக்குத் தெரியும். செட்டிநாட்டுச் சமையல் என்று எழுதப்படும் புத்தகங்களில் அந்த உள்ளங்கையை நான் தேடுவதுண்டு. ஆச்சிகளின் பெயர் இருக்கிறது, நல்லது. எவ்வளவோ காலம் அதுவும் இல்லாமல் இருந்தது. நட்சத்திர விடுதிகளின் சமையல்காரர்களுக்குப் பெயர் இருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் பெண் செய்தால் கடமை, கூலிக்குச் செய்தால் வேலைக்காரி, சம்பளத்துக்கு ஆண் செய்தால் கலை. இந்த வரிசை பர்மா போனபோதும் மாறவில்லை, யுனெஸ்கோ வந்தபோதும் மாறவில்லை.

கண்டாங்கித் தறியிலும் இதே கதைதான். பெரிய கட்டம், அகலக் கரை, அரக்கும் கறுப்பும் மஞ்சளுமாக முரட்டுப் பருத்தி. ஆச்சிகள் கணுக்கால் தெரியக் கட்டியது, நடக்கவும் குனிந்து எழவும் வசதியாக. தறியில் உட்காருகிறவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தார் சுற்றுவதும் நூலைப் பிரிப்பதும் அவர் மனைவியும் மகளும். அதற்குத் தனிக் கூலி கிடையாது. சேலைக் கூலிக்குள் அது அடக்கம். ஆத்தங்குடிக் கல்லுக்கு வண்ணம் ஊற்றும் கையைப் படம் எடுக்காத சுற்றுலாக்காரர் இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, சாயச் சிமெண்டை ஊற்றி, மணல் கலவை தூவி, மேலே சிமெண்டு பூசி, பிறகு தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது. அழகான காட்சிதான். மணல் சலிக்கிறவளை யாரும் படம் எடுப்பதில்லை.

ஆக, திரும்பி வந்தவர்கள் வருவதற்கு ஊர் ஒன்று இருந்ததே, அது யாரால் இருந்தது? பூட்டிய வீடுகளின் சாவியை வைத்துக்கொண்டு வாரத்துக்கொரு முறை சன்னல் திறந்து, வளவைக் கூட்டி, விளக்கேற்றிய காவல்காரக் குடும்பங்களால். ரேஷன் கடையையும் நூறு நாள் வேலையையும் நம்பி அங்கேயே கிடந்த பெண்களால். போகாதவர்களுக்குத் திரும்பி வரும் பெருமை கிடைக்காது.

திரும்பி வந்த பெண்களுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அவர்களுக்குத் திறந்த கதவு பெரும்பாலும் புகுந்த வீட்டுக் கதவு. கணவர் குடும்பத்துச் சொத்து. மகளாக வந்து பிறந்த வீட்டைத் திறப்பது வேறு காரியம். கானாடுகாத்தானில் இப்போது மரபு விடுதியாக இருக்கும் 'விசாலம்' 1930களில் ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய வீடு. வழிகாட்டிகள் எல்லாரும் அதை வியப்போடு சொல்வார்கள். மகளுக்கென்று ஒரு வீடு இருந்தால் அதைச் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதிலேயே மற்ற வீடுகளின் கதை இருக்கிறது.

அந்த மற்ற வீடுகளின் பத்திரத்தை எடுத்தால் பங்காளிகள் இருபது, முப்பது, சிலவற்றில் அதற்கும் மேல். விடுதியாக்கவோ படப்பிடிப்புக்கு விடவோ ஓட்டை மாற்றவோ அத்தனை பேர் சம்மதமும் வேண்டும். வீடுகள் இடிவதற்கு மழையைவிட இதுவே பெரிய காரணம். தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமானவளுக்கு இல்லை என்று ஒரு கோடு போட்டது. ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஏற்கெனவே முறையாகப் பிரிந்த சொத்துகளுக்கு இது பொருந்தாது. செட்டிநாட்டில் பல வீடுகள் பிரியாமலே கிடந்தவை. ஒரு நூற்றாண்டாக ஊர் எந்த மகளைக் கணக்கில் எடுக்கவில்லையோ, அவள் கையெழுத்து இல்லாமல் இப்போது அந்த வீட்டின் ஓட்டைக்கூட மாற்ற முடியாது.

அதனால் மகள்கள் ஊருக்கு வரவழைக்கப்படுகிறார்கள். எழுபது வயதிலும் எண்பது வயதிலும், காரில், அண்ணன் மகன் வந்து கூட்டிப்போக. சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர்கள் கையெழுத்திடும் ஆவணத்துக்குத் தமிழில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். தன் பங்கைத் தன் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதற்குத்தான் அந்தச் சொல். இத்தனை ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தும் இந்தச் சொல்லுக்கு என்னால் பழக முடியவில்லை. சிலருக்குக் கொஞ்சம் பணம், சிலருக்குப் பட்டுச்சேலை, சிலருக்கு ஒன்றுமில்லை. மத்தியானம் நல்ல சாப்பாடு. சாயங்காலம் கார் திரும்பிவிடும்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் தாயார் கையெழுத்திட மறுத்தார். வீட்டை ஒரு விடுதிக்குக் குத்தகைக்கு விடத் தம்பிகள் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். நல்ல திட்டம்தான், ஊரில் பத்துப் பேருக்கு வேலை கிடைத்திருக்கும். அவர் குத்தகைக்குத் தடை சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் தன் பெயரும் வரட்டும், வாடகையில் தன் பங்கு தன் கணக்குக்கு வரட்டும் என்றார். அக்கா பேராசைக்காரி என்று ஊரில் பேச்சு. ஊர் முன்னேறுவதைக் கெடுத்தவள் என்றும் பேச்சு. விடுதிக்காரர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். தம்பிகள் பேசுவதில்லை. இப்போது அவர் ஆண்டுக்கு இரண்டு முறை பஸ்ஸில் வருகிறார். வளவில் தன் அம்மா இருந்த அறையைத் திறந்து, ஒட்டடை அடித்து, வாசலில் கோலம் போடுகிறார். தெருவில் போகிறவர்கள் நின்று, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்கிறார்கள். "பார்ப்போம்" என்கிறாராம்.